அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள்

திருப்பாலைவனம்
3.2.2025

அன்புள்ள ஆதிகேசவன் அண்ணனுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் தோத்திரம். எப்சிபா எழுதுகிறேன். போன மாதம் ஒன்பதாம் தேதி மத்தியானம் கடலிலிருந்து உங்கள் பைபர் போட்டில் ஏற்றிக்கொண்டு வந்தீர்களே, அந்த எப்சிபா. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கதவு எண் தெரியாது. லைட்ஹவுஸ் குப்பம் ஆதிகேசவன் என்று போட்டாலே இப்போது தபால்காரர் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்காது என்று அக்கா சொன்னாள். நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் நாள் ஒருவர் போனில் கூப்பிட்டு, சர்ச்சிலிருந்து பேசுகிறேன், உனக்காக ஜெபம் பண்ணுகிறோம் என்றார். நானும் அழுதுகொண்டே ஏதேதோ சொன்னேன். சாயங்காலம் அந்த அழுகை டிவியில் வந்தது. அன்றைக்கே போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். எழுத்தென்றால் நான் எழுதியது மட்டும்தான் இருக்கும்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். போட்டில் இருந்தபோது வாய் வரவில்லை. நானும் நாகம்மாளும் முந்தின நாள் காலையில் ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துப் பக்கம் இறால் தடவிக்கொண்டிருந்தோம். இறால் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் தடவும்போது தலை நிமிர்ந்து பார்க்க முடியாது. ஏரி வற்றுகிற நேரம். தண்ணீர் கடலுக்கு ஓடுகிற வேகம் உறைத்தபோது காலுக்கடியில் தரை இல்லை. மிதந்து வந்த ஒரு தெர்மாகோல் பெட்டி மூடிதான் கைக்குக் கிடைத்தது. சாயங்காலம் வரை நாகம்மாளும் என்னோடு இருந்தாள். அதற்குமேல் இதில் எழுதவில்லை. இருபத்தேழு மணி நேரம் என்று பேப்பரில் போட்டிருந்தது. நீங்கள் அந்த வழி வராவிட்டால் என் மகள் பெனிட்டாவுக்கு அம்மா இல்லை. சாகும்வரை இதை மறக்க மாட்டேன்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். என்னைத் தூக்கும்போது நீங்கள் எடுத்த வீடியோ நெட்டில் உங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. புடவை காலைச் சுற்றிக்கொண்டு இழுத்ததால் நானே அவிழ்த்து விட்டிருந்தேன். ரவிக்கையும் கிழிந்திருந்தது. அந்தக் கோலத்தை என் வீட்டுக்காரர் ஜேம்ஸ்கூடப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. தயவுசெய்து அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள் அண்ணா.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கை எப்சிபா


லைட்ஹவுஸ் குப்பம்
10.2.2025

அன்புத் தங்கச்சி எப்சிபாவுக்கு,

அண்ணன் ஆதிகேசவன் எழுதுவது. நலம். நலமறிய ஆவல். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே. உன் கடிதத்தை உன் அண்ணி ஜமுனாவும் படித்தாள். உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

இங்கே காற்று சரியில்லை. நான்கு நாளாக யாரும் கடலுக்குப் போகவில்லை. கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிறோம். அப்போதும் உன் பேச்சுதான். பொன்னேரி ஸ்டேஷனில் முன்பின் தெரியாத ஒருவர் ரயிலைவிட்டு இறங்கி வந்து எனக்குக் கை கொடுத்தார். முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறேன், குப்பத்தைத் தாண்டி என் பேரை யாரும் கேட்டதில்லை. இப்போது எங்கிருந்தெல்லாமோ கூப்பிடுகிறார்கள். எல்லாம் உன்னால்தான் என்று ஜமுனாவிடம் சொல்வேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இருபது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். நான் என் பக்கத்திலிருந்து எடுத்தாலும் ஊர் முழுக்க இருக்கிறதே, இனி என்ன பிரயோசனம்? யாரும் உன்னைத் தப்பாகப் பேசவில்லை. பாவம் என்கிறார்கள், தைரியசாலி என்கிறார்கள். முகத்துவாரத்தைத் தூர் வாருவது பற்றியும் அதனால்தான் மேலிடத்தில் பேசுகிறார்களாம். பத்துப் பேருக்கு நல்லது நடக்கும் காரியத்தை வெட்கத்துக்காக அழிக்கலாமா?

வருகிற மார்ச் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஒரு டிவிக்காரர்கள் விழா வைத்திருக்கிறார்கள். கடலில் உயிர் காத்தவன் என்று எனக்கு விருது தருகிறார்கள். நீ மேடைக்கு வந்து உன் கையால் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று கேட்கிறார்கள். கார் அனுப்புவார்களாம். ஜேம்ஸ் தம்பியையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. மறுக்காதே.

உன் அண்ணன்,
ஆதிகேசவன்


திருப்பாலைவனம்
14.2.2025

அண்ணனுக்கு,

தோத்திரம். உங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்து நன்றாகவே இருக்கிறது.

நான் மேடைக்கு வரவில்லை. கார் அனுப்ப வேண்டாம்.

யாரும் தப்பாகப் பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் காதில் விழுவது வேறு, எங்கள் காதில் விழுவது வேறு. பெனிட்டா ஏழாவது படிக்கிறாள். அவள் வகுப்பில் ஒருத்தி வீட்டு போனில் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டி, இது உங்க அம்மாதானே என்று கேட்டிருக்கிறாள். இவள் இல்லை என்றாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொல்லி அழுதாள். என் வீடியோவைப் பார்த்து அழவில்லை அண்ணா. அம்மாவை இல்லையென்று சொல்லிவிட்டோமே என்று அழுதாள். எட்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. ஜேம்ஸ் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் ஹார்பர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அங்கே ஆட்கள் கூட்டமாக இருப்பார்கள், எல்லார் கையிலும் போன் இருக்கும்.

நாகம்மாள் வீட்டுக்காரர் முனியன் குடிசை முன்னால் தினமும் ஒரு காமிரா நிற்கிறதாம். அவள் உடம்பு இன்னும் கிடைக்கவில்லை. அவரிடம் போய், உங்க சம்சாரம் கையை விட்டாங்களா, அந்தம்மா விட்டாங்களா என்று கேட்கிறார்கள். என்னிடமும் அதைத்தான் கேட்டார்கள். பரிதாபப்பட்டு வந்த இருபது லட்சம் பேருக்கும் அடுத்து வேண்டியது அதுதான். அதைக் கேட்கிற உரிமை ஒரே ஒரு மனிதருக்குத்தான் உண்டு. அவர் இதுவரை கேட்கவில்லை.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நீங்கள் போட்டிருக்கும் வீடியோவில் தொடக்கம் இல்லை. போட் என் பக்கத்தில் வந்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது. நான் கையைத் தூக்கினேன். முன்னால் நின்றவர் கையில் ஏதோ இருந்தது, அந்தக் கை என் பக்கம் நீளவில்லை. குதித்தவர் வேறு ஆள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லப்போவதும் இல்லை. மிரட்டுவதற்காக எழுதவில்லை. எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும், அவ்வளவுதான்.

அக்கா வீட்டுக்காரர் விசாரித்தார். போலீசில் எழுதிக் கொடுத்தால் எல்லா இடத்திலிருந்தும் நீக்கச் சொல்வார்களாம். எடுத்தவரே வந்து, இது என்னுடையது, அந்தப் பெண்ணைக் கேட்காமல் போட்டுவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் வேலை சீக்கிரம் நடக்குமாம். வருகிற திங்கட்கிழமை விட்டு அடுத்த திங்கட்கிழமை, இருபத்துநாலாம் தேதி, காலை பத்து மணிக்கு நான் காவல் நிலையத்துக்குப் போகிறேன். பஸ் நிற்குமிடத்தில் ஒன்பதரைக்கு நிற்பேன். நீங்கள் வர வேண்டும்.

எப்சிபா


லைட்ஹவுஸ் குப்பம்
19.2.2025

எப்சிபாவுக்கு,

உன் கடிதம் கண்டேன். இப்படி எழுதுவாய் என்று எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு வலையை அறுத்துவிட்டு, டீசலைப் பார்க்காமல் உன்னைக் கரைக்குக் கொண்டுவந்தது யார்? நாங்கள் பார்க்காமல் போயிருந்தால் இன்று வீடியோவும் இல்லை, நீயும் இல்லை. அதை யோசித்துப் பார்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடு என்கிறாய். நாளைக்கு என்மேல் கேஸ் போட்டால் என் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? எனக்கு வேலை இருக்கிறது. வர முடியாது.

ஆதிகேசவன்


பழவேற்காடு
27.2.2025

அண்ணனுக்கு,

தோத்திரம். முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். என் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பத்தேகால் வரை பஸ் நிற்குமிடத்தில் நின்றேன். அதற்குப் பிறகு நானும் ஜேம்ஸும் மட்டும் போனோம். ஸ்டேஷனில் காத்திருந்த ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, ஒரு போட்டோ எடுத்துக்கவா என்று கேட்டாள். நல்ல அம்மாதான், கண் கலங்கிப்போய்க் கேட்டாள். வேண்டாம்மா என்றேன். இந்த ஐம்பது நாளில் வாய்விட்டு வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள் அண்ணா, எல்லாரும் இல்லை, சிலர்.

உள்ளே எழுதிக்கொண்டது ஒரு பெண் அதிகாரி. வீடியோவை ஓடவிடாமல் என் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டு மணி நேரம் ஆனது. உங்களைத் தூக்கியது யார் என்று கேட்டார். அந்தப் போட்டில் இருந்தவர்கள் என்று சொன்னேன். அவர்கள்மேல் புகாரா என்றார். இல்லை, என்னைக் காப்பாற்றியவர்கள்மேல் எனக்குப் புகார் இல்லை, அந்த வீடியோ போக வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். அதனால் நீங்கள் பயப்பட வேண்டாம்.

நீங்கள் பார்க்காமல் போயிருந்தால் நானே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். அதைப் பலமுறை யோசித்தேன். உயிரைத் தந்தவருக்கு உடம்பை ஊருக்குக் காட்டும் உரிமையும் சேர்ந்து வருமா? வராது என்றுதான் எனக்குப் படுகிறது. பெனிட்டாவை நான் பெற்றேன், எனக்கே அவள்மேல் அந்த உரிமை கிடையாது.

செவ்வாய்க்கிழமை நான் ஏரியில் இறங்கினேன். முகத்துவாரத்துப் பக்கம் இல்லை, உள் ஏரியில், இடுப்பளவு தண்ணீரில். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு தடவத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் யாரோ சொல்லி ஒரு காமிராக்காரர் கரையில் வந்து நின்றார். மேடம், ஒரே ஒரு வார்த்தை என்று கத்தினார். முதுகைக் காட்டிக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறியது. அவருக்கு ஏரியில் இறங்கத் தெரியாது, எனக்குக் கரையேறும் அவசரம் இல்லை. மத்தியானத்துக்கு முன்னால் போய்விட்டார். இறால் அதிகமில்லை, குழம்புக்கு ஆனது.

வருகிற திங்கட்கிழமை முதல் பெனிட்டா பள்ளிக்கூடம் போகிறாள். அந்த வீடியோவில் இருப்பது எங்க அம்மாதான், இப்ப இன்னா அதுக்கு என்று கேட்கப்போகிறாளாம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் விழா நல்லபடியாக நடக்கட்டும்.

எப்சிபா


லைட்ஹவுஸ் குப்பம்
6.3.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. விழாவில் நடந்ததை முதலில் எழுதுகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு காலை கார் வந்தது. ஜமுனா வரவில்லை என்றாள். உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றே அவள் என்னிடம், எடுத்துடுய்யா, அதுவும் ஒரு பொம்பளதானே என்று சொன்னாள். நான் கேட்கவில்லை. அதிலிருந்து அவள் இதைப்பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். என்னோடு போட்டில் வரும் தருமலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். என்னை மேடையில் ஏற்றிச் சால்வை போட்டார்கள். பெரிய மண்டபம். விளக்கை அணைத்துவிட்டு, பின்னால் இருந்த திரையில் உன்னைப் போட்டார்கள். என் போனில் உள்ளங்கை அளவு பார்த்ததை அங்கே சுவர் அளவுக்குப் பார்த்தேன். எனக்கு முன்னால் நூற்றுக்கணக்கான முகம், எல்லாம் உன்னைப் பார்க்கிற முகம். முதல் வரிசையில் ஒருவர் அதைத் தன் போனில் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அன்றைக்கு நின்ற மாதிரியே நின்றார்.

நான் மைக்கைப் பிடித்தேன். இப்படித்தான் சொன்னேன்:

"அத நிறுத்துங்க. தூக்குனது நான் இல்ல. தோ, கடைசில உக்காந்துகினு இருக்கானே தருமலிங்கம், அவன்தான் குதிச்சான். நான் போன் புடிச்சிகினு நின்னேன். இந்தப் பொண்ணு இத போட வேணாம்னு எனக்கு லெட்டர் எழுதிச்சு. நான் மதிக்கல."

அதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டார்கள். திரையை நிறுத்தினார்கள். சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினேன். கார் எங்களுக்காக நிற்கவில்லை. ரயில் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வந்தோம். பஸ் இறங்கியபிறகு தருமலிங்கம், இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல கேசவா என்றான். மறுநாள் டிவியில் விழாவைக் காட்டினார்கள். நான் பேசியது அதில் இல்லை.

தொடக்கத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு நான் பதில் எழுதவில்லை, கோபப்பட்டேன். இப்போது எழுதுகிறேன். முழு வீடியோவில் முதல் நாற்பது வினாடி நீ தண்ணீரில் கையைத் தூக்கிக்கொண்டு இருக்கிறாய். என் போட் உன் பக்கத்தில் நிற்கிறது. தருமலிங்கம் பின்னால் எஞ்சின் அருகிலிருந்து, போனை போட்டுட்டு கைய குடுடா என்று கத்துவது கேட்கும். நான் கொடுக்கவில்லை. எதற்காக என்று எத்தனையோ தடவை என்னைக் கேட்டுக்கொண்டேன். குரூப்பில் போட வேண்டும், எல்லாரும் தேடுகிறார்கள், உயிரோடு கிடைத்ததைச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. கரைக்கு வந்ததும் அந்த நாற்பது வினாடியை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். உன் மானத்துக்காக வெட்டவில்லை. என் மானத்துக்காக வெட்டினேன். வெட்டத் தெரிந்த எனக்கு நீ தெரிகிற இடத்தை வெட்டத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காவல் நிலையத்துக்குப் போனேன். அந்தப் பெண் அதிகாரியிடமே எல்லாவற்றையும் சொன்னேன், அந்த நாற்பது வினாடி உட்பட. கையெழுத்துப் போட்டேன். அவர் எதிரிலேயே வீடியோவை என் பக்கத்திலிருந்து எடுத்தேன், போனிலிருந்த முழு வீடியோவையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு அழித்தேன். கேஸ் வந்தால் வரட்டும்.

குப்பத்தில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. விருதைக் கெடுத்துவிட்டேன் என்று கோபம். ஜமுனா நேற்று மீன் காயவைக்கும் இடத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

உன்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்போது வரலாம் என்று எழுது.

ஆதிகேசவன்


பழவேற்காடு
23.3.2025

அன்புள்ள ஆதிகேசவன் அண்ணனுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் தோத்திரம். உங்கள் கடிதத்தை நானும் படித்தேன், ஜேம்ஸும் படித்தார். போன வாரம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, பெரிய இடங்களில் எல்லாம் நீக்கிவிட்டார்கள் என்று சொன்னார். எங்கேயாவது ஒன்றிரண்டு தலைகாட்டும், பார்த்தால் வந்து சொல்லுங்கள், அதையும் எடுக்கலாம் என்றார். தலைகாட்டும்போதெல்லாம் போய்ச் சொல்வேன். உங்கள் கையெழுத்து இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. என்னைத் தண்ணீரிலிருந்து எடுத்ததற்குச் சொன்ன அதே நன்றியை இதற்கும் சொல்கிறேன். தருமலிங்கம் அண்ணனுக்கும் சொல்லுங்கள். அவரை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லுங்கள். நான் இறால் வைத்துத் தருகிறேன்.

நீங்கள் வர வேண்டாம் அண்ணா. கோபத்தில் எழுதவில்லை. உங்களை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அந்த நாற்பது வினாடிதான், பிறகுதான் போட். அந்த வரிசை என்றைக்காவது மாறலாம். மாறாமலும் போகலாம். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. பாதி உண்மையை உங்களுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.

நேற்று முனியன் வீட்டுக்குப் போனேன். காமிராக்காரர்கள் இப்போது வருவதில்லை. நடந்ததை அவரிடம் முழுக்கச் சொன்னேன். அந்த மூடி இரண்டு பேரைத் தாங்கவில்லை. ஒரு கையால் மூடியையும் மறு கையால் நாகம்மாளையும் பிடித்திருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் கை மரத்துவிட்டது. விட்டது என் கைதான். அவள் விடவில்லை. இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வரமாட்டார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து வந்து உட்கார்ந்தார்.

"என்னிய இத்த டிவில கேக்க வுட்டுடுவியோனு தினம் பயந்துகினே இருந்தேன்," என்றார். பிறகு, "அதுக்கு முன்ன இன்னாவாச்சும் பேசிச்சா?" என்று கேட்டார்.

பேசினாள். மத்தியானம் வரை பேசிக்கொண்டேதான் இருந்தாள். பிடித்த இறால் எல்லாம் போச்சே என்று திட்டினாள். அந்த மனுஷனுக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது, பசியோடு உட்கார்ந்திருக்கும் என்றாள். அதையும் சொன்னேன். முனியன் அடுப்புப் பக்கம் பார்த்தார். அங்கே ஒரு பானையில் சோறு வடித்துச் சாய்த்து வைத்திருந்தது.

"இப்ப தெரியும்," என்றார். எனக்கும் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் தினமும் கடலில் இருக்கிறீர்கள். நாகம்மாள் இடது கையில் இரண்டு எவர்சில்வர் வளையல் போட்டிருந்தாள், ஒன்று கொஞ்சம் நெளிந்திருக்கும். என்றைக்காவது உங்கள் வலையில் அது வந்தால், அல்லது அவள்தான் என்று சொல்லத்தக்க எது வந்தாலும், போனை எடுக்காதீர்கள். குப்பத்தில் யாருக்கும் சொல்லாதீர்கள். ஒரு துணியில் சுற்றி, நீங்களே முனியனிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். இந்தக் காரியத்துக்கு எனக்குத் தெரிந்து உங்களைத் தவிர ஆள் இல்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். அப்படி ஏதாவது கிடைத்தால் மட்டும் எழுதுங்கள்.

தங்கை,
எப்சிபா